சீன வரலாறு நமக்கு எதற்கு?

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் பிழைக்க வந்து வேர் விட்ட தமிழ்க் குடும்பங்களில் புதியதொரு சச்சரவு எழுந்திருக்கிறது. நம் பிள்ளைகள் பல்கலைக் கழகப் படி ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஏறியவர்களில் சிலர் கம்ப்யூட்டர், கணக்கு என்று போகாமல் வரலாறு படிக்கிறேன் என்கிறார்கள். அதிலும் ஒருவர் இருவர் நவீன சீன வரலாற்றை எடுத்துப் படிக்கப் போகிறேன் என்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்: "சோழன் கதை படித்தாலும் ஒரு நியாயம் உண்டு. சீனாக்காரன் கதை நமக்குச் சோறு போடுமா?"

இந்தக் கேள்வியை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். கலவை சுமந்தும், மூட்டை தூக்கியும், நாலு வீட்டில் பாத்திரம் துலக்கியும் சேர்த்த காசில் படிக்க வைக்கிறார்கள். காசு கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. ஆகவே கணக்குச் சொல்வோம்.

நமது கருத்து இதுதான்: உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் நவீன சீன வரலாற்றைப் படிக்க வேண்டும், ஐதராபாத்தில் இருந்து படிப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும், ஆனால் புகழ் பாடுவதற்காகவோ பழி தூற்றுவதற்காகவோ படிக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

இந்த மண்ணில் அது உயிர்ப் பிரச்சினை

இந்தியாவின் மற்ற ஊர்களில் சீன வரலாறு ஒரு பாடம். இந்த ஊரில் அது ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

நிஜாம் ஆட்சியில் தெலுங்கானாக் கிராமங்களை தேஷ்முக்குகளும் தொரைகளும் எப்படி ஆண்டார்கள் என்பதை இந்த ஊர்க் கிழவர்கள் இன்றும் சொல்வார்கள். வெட்டி வேலை என்ற பெயரில் கூலி இல்லாத உழைப்பு, நிலப் பறிப்பு, பெண்களுக்கு மானமில்லை. பாலகுர்த்தி ஐலம்மா என்ற சலவைத் தொழிலாளிப் பெண் தன் நிலத்தையும் விளைச்சலையும் விட்டுக்கொடுக்க மறுத்து நின்றார். 1946 ஜூலை 4-ல் கடவெண்டி கிராமத்தில் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கிருந்து தீ பரவியது. 1951 வரை நடந்த அந்தப் போராட்டத்தில் சுமார் 3000 கிராமங்களில் மக்கள் ஆட்சி நடந்தது, 10 லட்சம் ஏக்கர் நிலம் பங்கிடப்பட்டது, 4000 பேர் வரை உயிர் இழந்தார்கள் என்று போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான பி. சுந்தரய்யா 1972-ல் வெளிவந்த தம் நூலில் கணக்குத் தருகிறார்.

இதில் சீனா எங்கே வந்தது? 1948 ஜூனில் ஆந்திரக் கம்யூனிஸ்ட் தலைவர்கள் தங்கள் மத்தியத் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மாசேதுங் 1940-ல் எழுதிய 'புதிய ஜனநாயகம்' பற்றிய நூலை ஆதாரமாகக் காட்டி, "நமக்கு ரஷ்யப் பாதை அல்ல, சீனப் பாதையே பொருந்தும்" என்பது அதன் சாரம். விவசாயிகளைத் திரட்டி நீண்ட காலக் கொரில்லாப் போர் நடத்துவது என்பது அந்தப் பாதை. அந்தக் கடிதம் எழுதப்பட்ட நாளில் சீனாவிலேயே புரட்சி வெற்றி பெற்றிருக்கவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மக்கள் குடியரசு பிரகடனமானது 1949 அக்டோபர் 1-ல்.

அதற்கு மறுப்பு வந்தது. கட்சியின் அன்றைய பொதுச் செயலாளர் ரணதிவே 1949-ல் மாசேதுங்கையே குறை கூறி எழுதினார். சில மாதங்களில் சீனாவில் மாசேதுங் வென்றார். 1950 ஜனவரியில் கம்யூனிஸ்ட் நாடுகளின் கூட்டுப் பத்திரிகை சீனப் பாதையைப் போற்றித் தலையங்கம் தீட்டியது. இங்கே தலைமை மாறியது; ஆந்திரத்தின் ராஜேஸ்வர ராவ் பொதுச் செயலாளர் ஆனார். 1951-ல் நான்கு தலைவர்கள் ரகசியமாக மாஸ்கோ சென்று ஸ்டாலினைச் சந்தித்தார்கள். சீனாவையும் இந்தியாவையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள் என்று ஸ்டாலின் சொன்னார். சீனச் செஞ்சேனைக்கு மஞ்சூரியாவில் சோவியத் எல்லையை ஒட்டிய பாதுகாப்பான பின்புலம் கிடைத்தது. உங்களுக்கு அது எங்கே என்பது அவர் வாதங்களில் ஒன்று. 1951 அக்டோபரில் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இங்கே நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 1948 செப்டம்பர் 17-ல் நிஜாம் சரணடைந்து, இந்திய ராணுவம் உள்ளே வந்தபின் நிலைமை அடியோடு மாறிவிட்டது. வெறுக்கப்பட்ட நிஜாம் ஆட்சியும் ரஜாக்கர் கூட்டமும் போய்விட்டன. எதிரே நின்றது ஒரு பெரிய நாட்டின் கட்டுக்கோப்பான சேனை. சீனாவிலோ யுத்தப் பிரபுக்கள் துண்டு துண்டாக ஆண்ட நாடு. பிறகு ஜப்பான் படையெடுப்பு. சியாங் கை-ஷேக்கின் சர்க்கார் ஊழலில் அழுகிப் போயிருந்தது. இந்த வேற்றுமையை எடைபோட்டுத்தான், போராட்டத்தைத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்திருக்க வேண்டும். தொடரக் கூடாது என்று அன்றே வாதாடியவர்களில் ஒருவர் ராவி நாராயண ரெட்டி. 1952 தேர்தலில் நல்கொண்டா மக்கள் நேருவுக்குக் கிடைத்ததைவிட அதிக வாக்குகள் அளித்து அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புக் கூறுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் ஒன்று மட்டும் வெட்ட வெளிச்சம். சீனாவில் உண்மையில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, எந்தச் சூழலில் நடந்தது என்ற கேள்விக்கான விடையைப் பொறுத்து, இந்த ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்த காடுகளில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் அல்லது செத்தார்கள். வரலாற்றை மற்றவர் சொல்லக் கேட்டு முடிவு செய்பவன் விலையைத் தன் கையிலிருந்து கொடுப்பதில்லை, ஏழைதான் கொடுக்கிறான்.

பாடம் அதோடு முடிந்ததா? இல்லை. 1967-க்குப் பின் ஸ்ரீகாகுளம் மலைகளில் மறுபடியும் ரத்தம் சிந்தியது. "சீனாவின் தலைவரே நமது தலைவர்" என்ற கோஷம் சுவர்களில் எழுதப்பட்டது. 1970-ல் பீகிங் சென்ற இந்தியத் தூதரிடம், அதாவது நக்சலைட் கட்சியின் தூதரிடம், அந்தக் கோஷம் தவறு என்று சூ என்லாய் முதலிய சீனத் தலைவர்களே கூறி அனுப்பினார்கள். தெரிய வேண்டியதைப் பீகிங் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது! அதற்குள் எத்தனையோ இளைஞர்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

தமிழனுக்கு என்ன ஒட்டு?

சரி, அது தெலுங்கர் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் கதையும் அதில் இருக்கிறது.

நவீன சீன வரலாறு எங்கே தொடங்குகிறது? அபினி யுத்தத்தில். இந்திய விவசாயியை வைத்துப் பயிரிட்ட அபினியைச் சீனர்களுக்கு விற்றுக் கொழுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. 1839-ல் லின் சேஷு என்ற அதிகாரி அந்த அபினியைப் பிடித்து அழித்தபோது பிரிட்டிஷ் கப்பல்கள் போர் தொடுத்தன. கப்பலில் போன சிப்பாய்கள் யார்? மதராஸ் சேனைக்காரர்கள். 1841 மே மாதம் கான்டன் நகரத்துக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில் கொட்டும் மழையில் துப்பாக்கி மருந்து நனைந்து, திரண்டு வந்த கிராம மக்களின் நடுவே சிக்கிக்கொண்டது 37-ஆவது மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு. அந்நியரை எதிர்த்துப் பொதுமக்கள் எழுந்த முதல் நாள் என்று சீனப் பாடப் புத்தகங்கள் அதைக் கொண்டாடுகின்றன. அந்தக் காட்சியில் எதிர்ப்பக்கம் நின்றவன் வயிற்றுப் பிழைப்புக்குப் பட்டாளத்தில் சேர்ந்த நம் நாட்டான்! 1900-ல் பாக்ஸர் கலகத்தை அடக்கப் போன படைகளிலும் மதராஸ் சாப்பர்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரன் லாபத்துக்கு ஒரு ஏழையை இன்னொரு ஏழைமீது ஏவிய கணக்கு இது.

மலாயாவில் கதை வேறு. ரப்பர் தோட்டத்துத் தமிழனும் ஈயச் சுரங்கத்துச் சீனனும் ஒரே தொழிற்சங்கக் கூரையின் கீழ் நின்றார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் தஞ்சை மண்ணைச் சேர்ந்த எஸ். ஏ. கணபதி. 1949 மே 4-ல் பிரிட்டிஷார் அவரைக் கோலாலம்பூர் சிறையில் தூக்கிலிட்டார்கள். சீனாவில் நடந்த புரட்சியின் அதிர்ச்சியை விளங்கிக்கொள்ளாமல் மலாயாவின் அந்த ஆண்டுகளை யாரும் விளங்கிக்கொள்ள முடியாது.

இலங்கையிலோ 1952 டிசம்பரில் ரப்பர்–அரிசி ஒப்பந்தம். ஆண்டுக்கு 50,000 டன் ரப்பரை இலங்கை கொடுக்க, 2,70,000 டன் அரிசியைச் சீனா கொடுக்க ஐந்தாண்டு ஏற்பாடு. ரப்பருக்குச் சந்தை விலையைவிட அதிகமாகவே சீனா கொடுத்தது. நாடும் அரிசிப் பஞ்சத்திலிருந்து தப்பியது. பாராட்ட வேண்டியதுதான். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் நம் மலையகத் தமிழர்களும் உண்டு. அவர்களை 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியிருந்தது. ஒப்பந்தத்தில் சோஷலிசச் சீனாவும் கையெழுத்திட்டது, முதலாளித்துவ இலங்கையும் கையெழுத்திட்டது. தொழிலாளியின் பிரஜாவுரிமை பற்றி ஒரு வரியும் இல்லை. நாடுகளின் நட்பு வேறு, தொழிலாளியின் நலன் வேறு என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

இரண்டு கண்ணாலும் பார்ப்போம்

சீனாவைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள். ஒன்று, அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்கிறது. இன்னொன்று, சீனா என்றாலே பல்லைக் கடிக்கிறது. இரண்டு கட்சிக்கும் படிப்பு தேவைப்படவில்லை.

படித்தால் என்ன தெரியும்? புரட்சிக்கு முன் 40-ஐத் தொடாத சராசரி ஆயுள், 1980-ல் 65-ஐத் தாண்டியது தெரியும். அதே காலத்தில் நாம் 55-ஐ ஒட்டித்தான் இருந்தோம். நிலப் பங்கீடு, எழுத்தறிவு, கிராமத்துக்குக் கிராமம் சுகாதார ஊழியர் என்று அவர்கள் செய்த வேலையின் பலன் அது. மறைக்க வேண்டியதில்லை.

அதே புத்தகத்தின் அடுத்த பக்கத்தில், 1958-ல் தொடங்கிய பெரும் பாய்ச்சலும் அதன் விளைவாக 1959 முதல் 1961 வரை வந்த பஞ்சமும் இருக்கின்றன. மாண்டவர் தொகையை ஆய்வாளர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை பலவாறாக மதிப்பிடுகிறார்கள். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் நெஞ்சு பதறுகிறது. விளைச்சலை அதிகாரிகள் உயர்த்திக் காட்டினார்கள். காட்டிய கணக்குப்படி சர்க்கார் தானியம் கொள்முதல் செய்தது. விளைவித்தவன் பட்டினி கிடந்தான். 1959-ல் லூஷான் கூட்டத்தில் உண்மையைச் சொன்ன பாதுகாப்பு மந்திரி பெங் தெஹுவாய் பதவி இழந்தார். உண்மை சொன்னவனைத் தண்டித்தால் பஞ்சம் வரும் என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும் பாடம். சுதந்திர இந்தியாவில் அத்தகைய பெரும் பஞ்சம் வராததற்குப் பத்திரிகைச் சுதந்திரமும் எதிர்க்கட்சிகளும் காரணம் என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார். அதே அறிஞர்தான், நம் நாட்டில் ஆண்டுதோறும் சத்தமில்லாமல் சாகும் ஏழைகளின் கணக்கையும் சீனாவோடு ஒப்பிட்டு நம்மை வெட்கப்பட வைத்தார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் படிப்பு.

அங்கேயும் நம்மைப் போன்றவர்கள்

நம் வாசகர்களுக்கு இந்தப் பகுதியே முக்கியம் என்று கருதுகிறோம். 1958 ஜனவரியில் சீனா ஒரு பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. ஹூகோ என்று பெயர். பிறந்த கிராமத்தில் பதிவு. ரேஷனும் பள்ளியும் வைத்தியமும் பதிவு உள்ள இடத்தில்தான். 1978-க்குப் பின் ஆலைகள் பெருகியபோது கிராமத்தவர் கூட்டம் கூட்டமாக நகரத்துக்கு வந்தார்கள். உழைக்க நகரம் வேண்டும், உரிமைக்குக் கிராமத்துக்குப் போ என்பது நிலைமை. இன்று அப்படிப்பட்ட தொழிலாளர் தொகை ஏறத்தாழ 30 கோடி. ஷாங்காயின் மாடிகளைக் கட்டியவர்கள் அவர்களே. அவர்கள் பிள்ளைகளுக்கு நகரத்துப் பள்ளியில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. கல்லூரி நுழைவுத் தேர்வைப் பலர் சொந்த மாகாணத்துக்குத் திரும்பிப் போய்த்தான் எழுத வேண்டியிருக்கிறது. தாத்தா பாட்டியிடம் விடப்பட்டு வளரும் குழந்தைகள் கோடிக்கணக்கில்.

இந்தக் கதை எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா?

2003 மார்ச்சில் குவாங்ஜோ நகரத்தில் சுன் சிகாங் என்ற 27 வயது இளைஞனைத் தற்காலிகக் குடியிருப்பு அட்டை கையில் இல்லை என்று பிடித்துப் போனார்கள். அவன் காவலில் அடிபட்டுச் செத்தான். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று துணிந்து எழுதியது. சட்ட அறிஞர்கள் மூவர் மனுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டே, வெளியூரானைப் பிடித்து அடைத்துத் திருப்பி அனுப்பும் அந்த முறை ரத்தாயிற்று. மக்கள் வாய் திறந்தால் சீனாவிலும் சட்டம் மாறும் என்பதற்கு அது சாட்சி.

இங்கே நம் கதை? வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979-லேயே வந்தது. ஆனாலும் 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டபோது, லட்சக்கணக்கானவர்கள் பொடிநடையாக ஊருக்குப் புறப்பட்டார்கள். தொழிலாளருக்கான முதல் சிறப்பு ரயில் 2020 மே 1-ஆம் தேதி விடியற்காலை எங்கிருந்து புறப்பட்டது? ஐதராபாத் பல்கலைக் கழகத்துக்குப் பக்கத்திலுள்ள லிங்கம்பள்ளி ஸ்டேஷனிலிருந்து, ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு. கட்டட வேலைத் தொழிலாளர்கள் கூடிக் கேட்ட பிறகே அந்த வண்டி ஓடியது. பல்கலைக் கழகத்துக்குள் சீனத் தொழிலாளியின் கதையைப் படிக்கும் மாணவன், வேலிக்கு வெளியே நடந்ததையும் சேர்த்துப் படித்தால் அந்தப் படிப்புக்கு உயிர் வரும்.

ஆலைகளும் இப்போது பக்கத்தில் வந்துவிட்டன. சீனாவின் சென்ஜென் ஆலையில் 2010-ல் தொழிலாளர் தற்கொலைகளால் பேர் கெட்ட அதே பாக்ஸ்கான் கம்பெனிதான் ஸ்ரீபெரும்புதூரில் நம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமானதை எதிர்த்து அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஐதராபாத்துக்கு அருகில் கொங்கர கலானிலும் அந்தக் கம்பெனி ஆலை அமைத்திருக்கிறது. முதலாளி எல்லை தாண்டி யோசிக்கிறான். தொழிலாளி வீட்டுப் பிள்ளை மட்டும் எல்லைக்குள் படித்தால் போதுமா?

பயமும் பரிகாரமும்

பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று உண்டு. இந்த மாநிலத்தில் மாசேதுங் புத்தகம் வைத்திருந்தால் போலீஸ் வருமே என்ற பயம். வெளியூர்க்காரனுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டோம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 2011-ல் டாக்டர் விநாயக் சென் வழக்கில், காந்தியின் புத்தகத்தை வைத்திருப்பவன் எல்லாம் காந்தியவாதி ஆகிவிடுவானா என்ற பொருளில் சுப்ரீம் கோர்ட்டே கேட்டது. 2015-ல் மாவோயிஸ்டாக இருப்பது மட்டுமே குற்றமாகாது என்று கேரள ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. படிப்பதும் நம்புவதும் குற்றமல்ல. பிறரைத் துன்புறுத்துவதே குற்றம். 1989 ஜூன் 4-ல் பீகிங்கின் தியானன்மென் சதுக்கத்தைச் சுற்றி நடந்ததைச் சீன வகுப்பறையில் இன்று பேச முடியாது. இங்கே பேச முடியும். கையிலிருக்கும் அந்த உரிமையைப் பயந்து நாமே விட்டுக்கொடுக்கலாமா?

இனி, எப்படிப் படிப்பது? முதலாவது, மொழி. சீன மொழி தெரியாமல் சீன வரலாறு படிப்பது, தமிழ் தெரியாமல் தமிழக வரலாறு எழுதுவது போன்றது. நம் நாட்டில் சீனம் பற்றிய படிப்பு பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகத்தில் தொடங்கி அதிலேயே முடிகிறது. ரவீந்திரநாத் தாகூர் 1937-லேயே சாந்திநிகேதனில் சீன பவனத்தைத் திறந்தார். அயல்மொழிகளுக்கென்றே மத்தியப் பல்கலைக் கழகம் உள்ள ஊர் ஐதராபாத். வரலாற்றுத் துறையும் மொழித் துறையும் கைகோக்க வேண்டும். வசதியற்ற மாணவர் சீன மொழி கற்க உபகாரச் சம்பளம் வேண்டும்.

இரண்டாவது, தாய்மொழி. 1918-ல் இந்த ஊரில் உஸ்மானியாப் பல்கலைக் கழகம் தொடங்கியபோது பாடமொழி உருது. அதற்காகவே மொழிபெயர்ப்புக் கூடம் அமைத்து நூற்றுக்கணக்கான பாடநூல்களை உருதுவில் கொண்டுவந்தார்கள். நிஜாம் காலத்தில் உருதுவுக்கு முடிந்தது, இன்று தமிழுக்கு ஏன் முடியாது? சீனாவைப் பற்றித் தமிழில் பிரசாரப் புத்தகங்கள் உண்டு. தொழிலாளி வாசித்துப் புரிந்துகொள்ளும் நேர்மையான வரலாற்று நூல்களே வேண்டும். படிக்கும் பிள்ளைகள் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். படித்ததைத் தமிழில் எழுதி நமக்குக் கொடுக்கட்டும்.

ஐதராபாத் பல்கலைக் கழகம் 1974-ல் தொடங்கியது சரோஜினி நாயுடுவின் வீட்டில். 1947-ல் டில்லியில் ஆசிய நாடுகள் எல்லாம் கூடிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அந்த அம்மையார். அந்த வீட்டில் பிறந்த பல்கலைக் கழகத்தில் ஆசியாவைப் பற்றிய படிப்பு இரண்டாந்தரமாக இருக்கலாகாது.

2020 ஜூன் 15-ஆம் தேதி இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த கைகலப்பில் நம் வீரர்கள் 20 பேர் மாண்டார்கள். அவர்களில் கர்னல் சந்தோஷ் பாபு தெலுங்கானாவின் சூர்யாபேட்டைக்காரர். ஹவில்தார் பழனி ராமநாதபுரத்துக்காரர். எல்லையில் ஒரு தெலுங்கனும் ஒரு தமிழனும் பக்கத்தில் பக்கத்தில் செத்தார்கள். எதிரே நிற்பவன் யார், அவன் நாடு எதைக் கண்டு பயப்படுகிறது, எதைக் கேட்கிறது என்று அறிந்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? தெரியாததற்கு விலை கொடுப்பது எப்போதும் ஏழை வீட்டுப் பிள்ளைதான்: 1841-ல் கான்டனில், 1948-க்குப் பின் தெலுங்கானாக் காட்டில், 2020-ல் பனிமலையில்.

ஆகவே பெற்றோர்களே, சீன வரலாறு சோறு போடுமா என்று கேட்டீர்கள். ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு வேலை, பத்திரிகை வேலை என்று கிடைக்கலாம். உறுதி கூற நாம் ஜோசியர்கள் அல்ல. ஆனால் உழைப்பாளியின் சோற்றில் மண் விழுவது எப்படி என்று அறிய அந்த வரலாறு உதவும். பிள்ளை அந்தப் பாடத்தை எடுக்கிறேன் என்று வந்தால் தடுக்காதீர்கள். ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: "படித்ததை ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வந்து எங்களுக்கும் சொல்ல வேண்டும்."